வேறு வழி நடந்தாரின் வாய்மொழி

ஒருவர் தம் வாழ்க்கையைத் தம் வாயாற் சொல்லக் கேட்டு, அதனை ஒலியாகப் பதிந்து, கேட்க விரும்புவார்க்கெல்லாம் இணையத்தின் வழியே அனுப்புதலைப் பாட்காஸ்ட் என்பர். வலையொலி என்னும் தமிழ்ப்பெயரும் இப்பொழுது வழங்குகின்றது. ஊரார் செல்லும் பாதையை விட்டு வேறு பாதையில் நடந்த மாந்தரை வினாவி, அத்தகைய உரையாடல் வரிசை ஒன்றைப் புதுவையிலே தொடங்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். யாம் இருவர் இம்முயற்சியில் இறங்கி ஓராண்டு கழிந்தது. கற்றுக்கொண்டவற்றையும் தவறியவற்றையும் நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விரும்புகின்றோம். மாணவர் சிலர் தாமும் இவ்வழியில் இறங்க எண்ணியிருப்பதாக அறிந்தமையே இதனை எழுதத் தூண்டிற்று.

பாட்காஸ்ட் என்ற சொல் மிக இளையது. ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபாட் என்னும் இசைக்கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்து, 2004-ஆம் ஆண்டு பென் ஹாமர்ஸ்லி என்பவர் லண்டன் கார்டியன் இதழில் எழுதிய கட்டுரையில் அது தோன்றிற்று. மறு ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் அதற்கு இடமளித்தபின் உலகெங்கும் பரவிற்று. இதன் அமைப்போ மிக எளிது. ஒலிக்கோப்பை இணையத்தில் ஓரிடத்தில் வைத்து, இன்ன தலைப்பில், இன்ன நாளில், இன்ன இடத்தில் உள்ளது என்று கூறும் பட்டியல் ஒன்றையும் வைத்துவிட்டால் போதும். ஆர்.எஸ்.எஸ். என்று அப்பட்டியலுக்குப் பெயர். கேட்போரின் கைப்பேசிச் செயலி அதனை அவ்வப்போது படித்துப் புதிய பகுதி வந்துளதா என்று பார்த்துக்கொள்ளும். நிலையம் வேண்டா, கோபுரம் வேண்டா, எவரிடமும் நேரம் கேட்டு நிற்கவும் வேண்டா. எவரும் தொடங்கலாம் என்பதனாலேயே பலர் தொடங்கி, மூன்றாம் பகுதியோடு நின்றுவிடுகின்றனர். கருவி குறைந்து நின்றாரை யாம் கண்டதில்லை. கேட்கும் கேள்வி தீர்ந்து நின்றாரே பலர்.

புதுவைக்குக் கேட்டெழுதும் வழக்கம் புதிதன்று. துய்ப்ளெக்சின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப்பிள்ளை 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் தம் நாட்குறிப்பைத் தொடங்கி, 1761-இல் தாம் இறக்கும் காலம் வரையில், இடையிடையே விட்டாலும், எழுதி வந்தார். கப்பல் வந்ததையும், கவர்னர் கோபித்துக்கொண்டதையும், சந்தையிற் பேசிக்கொண்டதையும் பேச்சு நடை மாறாமல் எழுதிவைத்தார். பண்டிதர் நடையில் அவர் எழுதியிருந்தால் இன்று அதனை நாடுவார் எத்துணைபேர் இருப்பர் என்பது ஐயமே. எனினும் அக்குறிப்பு வணிகரையும் அதிகாரிகளையும் பற்றியது. கப்பலிலிருந்து சரக்கைக் கரைசேர்த்த படகோட்டி தன் வாழ்வைப்பற்றி என் நினைத்தான் என்பது அதில் இல்லை. அவனை உட்காரவைத்துக் கேட்டார் இலர்.

வேறு வழி நடந்தார் என்றால் நம் ஊரில் எவர்க்கும் உடனே நினைவுக்கு வருவோர் மூவர். 1908-இல் பாரதியார் வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார், ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறியும் குதிரையேற்றத் தேர்வுக்குச் செல்லாது அவ்வுத்தியோகத்தைக் கைவிட்டவர் அவர். அதே ஆண்டு இறுதியில் வ. வே. சு. ஐயர் வந்து சேர்ந்தார். லண்டனிற் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆகும் வாயிலில் நின்றவர், அரச விசுவாசப் பிரமாணம் செய்ய ஒருப்படாமல் அதனை விட்டு, மாறுவேடத்தில் பல நாடு கடந்து புதுவை அடைந்தார். பத்தாண்டு இங்கே தங்கித் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

வினாக் கேட்கப் பழகுவதற்கு இறந்தோர் நல்ல துணை என்பது எம் அனுபவம். ஐயர் நம் எதிரே அமர்ந்திருப்பதாகக் கருதுவோம். "தாங்கள் ஏன் பட்டத்தைத் துறந்தீர்கள்?" என்று தொடங்கினால், நாட்டுப்பற்று என்று விடை வரும். அது மெய்யே, ஆயினும் அவ்விடை நமக்கு முன்பே தெரியும். "லண்டனை விட்டுப் புறப்பட்ட அன்று பெட்டியில் என்னென்ன வைத்தீர்கள்?" என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அப்பெட்டியைப்பற்றி ஒரு செய்தி செவிவழியாக வழங்குகின்றது. சீக்கியர் கோலத்தில் இருந்தவரின் பெட்டியின்மேல் அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துக்கள் மூன்றும் இருக்கக் கண்டு ஒற்றன் ஒருவன் ஐயுற்றானாம். அவை வீர விக்கிரம சிங் என்பதைக் குறிப்பன என்று சொல்லி ஐயர் தப்பினாராம். செய்தி எவ்வாறாயினும் ஆகுக. வேடம் முழுவதையும் மாற்றியவர் பெட்டியின்மேல் இருந்த எழுத்தை மாற்ற மறந்தார் என்னும் அவ்வொரு சிறு பொருளில் மனிதர் தெரிகின்றார். ஏன் என்ற வினாவுக்கு எவரும் விடையை ஆயத்தமாக வைத்திருப்பர். உறவினர்க்கும் நண்பர்க்கும் பன்முறை சொல்லித் தேய்ந்த விடை அது. அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் கதவைத் திறந்தார், இரவு என்ன உண்டீர்கள் என்பன போன்ற வினாக்களுக்கு எவரிடமும் ஆயத்த விடை இராது. நின்று நினைத்தே சொல்லவேண்டும்.

இன்னொருவரையும் எடுத்துக்கொள்வோம். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் புதுவை வழக்கறிஞர் இந்திய உடையோடு ஐரோப்பியர் அணியும் பூட்ஸும் அணிந்து நீதிமன்றத்திற்குட் சென்றார். கூடாது என்று நீதிபதி தடுத்தார். பாரிஸ் நகரத்து உயர்நீதிமன்றம் வரையிற் சென்று வழக்காடி அவர் வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, தம் குலவழக்கிற்குரிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர விரும்புவோர் குடும்பப் பெயர் ஒன்று சூட்டிக்கொள்ளலாயினர். அவர் சூட்டிக்கொண்ட பெயர் லபோர்த். கதவு, வாயில் என்பது பொருள். சட்ட வரலாறு எழுதுவோர்க்கு இவ்வளவு போதும். வலையொலி செய்வார்க்குப் போதாது. அந்தப் பூட்ஸை வாங்கிய கடை எது? வீட்டில் எந்தத் திண்ணையருகே அதனைக் கழற்றி வைத்தார்? புதிய குடும்பப் பெயரோடு வீட்டுக்கு வந்த நாளில் தாயும் தமக்கையரும் அவரை எப்படி அழைத்தனர்? இவற்றிற்கெல்லாம் விடை கூற இன்று ஒருவரும் இலர்.

விடை கூற வல்லார் இன்னும் உள்ள வினாக்களும் உள. அவற்றிற்கோ நாள் மிகக் குறைவு. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவை ஆட்சி இந்திய அரசின் கைக்கு வந்தது. அதற்கு இரு வாரம் முன்னர்க் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை விரும்பினர். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறிற்று. அதன்பின் ஆறு மாதத்திற்குள், பிரெஞ்சுக் குடிமையை வைத்துக்கொள்வோர் எழுத்தால் அதனை அறிவிக்க வேண்டும் என்றிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரரும் தம்பி இந்தியருமாகப் பிரிந்த குடும்பங்கள் உள. பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றி ஓய்வூதியத்தோடு திரும்பியவரை நம் ஊரார் 'சொல்தா' என்பர். சைகோனில் பிறந்து தமிழ் பேசத் தெரியாமல் இங்கு வந்திறங்கிய குழந்தைகளும் இருந்தனர். 1962-இல் இருபத்தொரு வயதில் கையெழுத்திட்டவர் இன்று எண்பதைக் கடந்தவர். அந்தக் கையெழுத்தை இட்ட மேசையைப்பற்றி அவர் சொல்லக்கூடியதை வேறு எந்த ஆவணக்களரியும் சொல்லாது.

கேட்கும் கலையில் எம் ஆசானாக யாம் கொள்வது கி. ராஜநாராயணனை. அவர் வாழ்வே வழி மாறிய வாழ்வு. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்து, பள்ளிப்படிப்பை நடுவில் விட்டு, காசநோயோடு போராடி, கரிசல் மண்ணில் உழுது, விவசாயிகள் போராட்டத்திற் கலந்து, நடுவயதை நெருங்கியபின் கதை எழுதத் தொடங்கியவர். 'மாயமான்' என்னும் கதை 1958-இல் சரஸ்வதி இதழில் வெளிவந்தது. அதே சிற்றூரிற் பிறந்த கு. அழகிரிசாமி அவர்தம் இளமைத் தோழர். அழகிரிசாமிக்கு 1970-இலும் ராஜநாராயணனுக்கு 1991-இலும் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பட்டமே பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980-களின் இறுதியில் பேராசிரியராக அழைத்தது. பட்டம் பெறாதவர் பட்டம் பெற வந்தோர்க்குக் கற்பித்தார். 2021 மே 17-இல் மறையும் வரையிற் புதுவையே அவர்க்கு ஊராயிற்று.

எமக்கு அவர்பாற் பாடமாவது, கதை கேட்பதற்கு அவர் கொண்ட பொறுமையும், கேட்ட சொல்லை மாற்றாமையுமே. உழவர் வாய்ச்சொல்லைத் திருத்தி எழுதும் வழக்கம் நிலவிய காலத்தில், அச்சொற்களை அகராதியாகவே தொகுத்தார். நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராகத் திரட்டினார். அவையோர் முன் சொல்லத் தகாதவை என்று பிறர் ஒதுக்கியவற்றையும் அவர் ஒதுக்கவில்லை. மாணவர் சிலர் ஒலிபெருக்கியைக் கண்டவுடன் மேடைத்தமிழ் பேசத் தொடங்குகின்றனர், "தங்களது வாழ்வியற் பயணத்தின் திருப்புமுனை யாது?" என்கின்றனர். எதிரே இருக்கும் பாட்டியும் அஞ்சி, பள்ளிப்பாடம் ஒப்பிப்பது போல் விடை கூறுகின்றார். இக்கட்டுரையை யாம் எழுதும் நடையில் ஒரு நாளும் வினாவற்க. வீட்டுத் திண்ணையில் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசுக. புதுவைப் பேச்சிற் பிரெஞ்சுச் சொல் கலந்து வந்தால் வரட்டும். நகராட்சி மன்றத்தை 'மேரி' என்று ஒருவர் சொன்னால் குறுக்கிட்டுத் திருத்தவேண்டா. அச்சொல் அவர் எந்தக் காலத்தில் வளர்ந்தவர் என்பதைக் காட்டும்.

கடல்கடந்த நாட்டில் இத்தொழிலிற் பெயர்பெற்றவர் சிகாகோ நகரத்து ஸ்டட்ஸ் டெர்க்கல். அவரும் வழி மாறியவரே. சட்டப்பட்டம் பெற்று வழக்கறிஞராகாமல் வானொலிக்கு வந்தவர். 1967-இல் அந்நகரத்து மக்கள் பலரின் வாய்மொழியை நூலாக்கினார். 1974-இல் தொழிலாளர் பலரைத் தத்தம் தொழில்பற்றிப் பேசவைத்து மற்றொரு நூல் ஆக்கினார். ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளுவதில் அவர் மிக அலங்கோலமானவர் என்பதை அவரே ஒத்துக்கொண்டுள்ளார். ஏழையர் குடியிருப்பில் ஒரு தாயோடு பேசிப் பதிந்ததை, அவள் குழந்தைகள் விரும்பியபடி, அங்கேயே திருப்பி ஒலிக்கச் செய்தாராம். தன் குரலைக் கேட்ட அத்தாய், தான் இப்படியெல்லாம் எண்ணியிருந்தது தனக்கே இதுவரை தெரியாது என்று வியந்தாளாம். பேசுபவர் தமக்கே தெரியாத ஒன்றைக் கண்டெடுக்கும் இடம் வரையிற் பேச்சு செல்லவேண்டும். அரைமணியில் அது வராது. எம் கணக்கில் முதல் நாற்பது நிமிடம் பெரும்பாலும் அறிமுகத்திலே கழிகின்றது.

கருவியைப்பற்றிச் சுருங்கச் சொல்வோம். நல்ல கைப்பேசியும், சட்டைக் கழுத்தில் மாட்டும் சிறு மைக்குகள் இரண்டும் தொடக்கத்திற்குப் போதும். மின்விசிறியை நிறுத்துக, புதுவை வெயிலில் இது கொடுமையேயாயினும் நிறுத்துக. காகத்தையும் மாதாகோயில் மணியையும் நிறுத்த இயலாது; அவை இருப்பது அழகுங்கூட. ஒருவரும் பேசாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் தனியே பதிந்துகொள்க; பின்னர் வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது உதவும். மூலப்பதிவை வேவ் வடிவிலேயே காக்க. நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், ஒற்றைத் தடம் என்ற அளவில் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். வெளியிடும் எம்.பி.3 பிரதி அதனினும் மிகச் சிறியதாகவே இருக்கும். மூன்று படி எடுத்து ஒன்றை வேறொருவர் வீட்டில் வைக்க. கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. முதற்பகுதியை வெளியிடுமுன் மூன்று உரையாடலாவது கைவசம் இருத்தல் நன்று.

இனி எம் தவற்றைச் சொல்லவேண்டும். எம் வரிசையில் முதலில் யாம் கண்டவர் கடற்கரைக் குப்பம் ஒன்றிற் பிறந்தவர். மீனவர் மகன், கல்லூரியிற் படித்தவர், அரசு அலுவலகத்திற் கணக்கு உத்தியோகம் பெற்றவர். நாற்பத்தோராம் வயதில் அதனை விட்டு மறுபடி கடலுக்குச் சென்றார். கேட்டவுடன் எமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உத்தியோகத்தை உதறியவர், கடல், அலை என்று பகுதி முழுவதும் மனத்திலே உருவாகிவிட்டது. அவர் தந்தையும் பாட்டனும் நடந்த வழியே அது என்பதும், அவ்வீட்டில் வேறு வழி என்று கருதப்பட்டது உத்தியோகமே என்பதும் எமக்கு அப்போது தோன்றவில்லை. எம் கண்ணுக்கு விந்தையாகப் பட்டதையே அவர் வாழ்வின் விந்தை என்று கொண்டோம்.

ஒன்றரை மணி நேரம் பேசினார். அதனை முப்பத்தைந்து நிமிடமாக வெட்டினோம். ராஜினாமாக் கடிதம் கொடுத்த செய்தியைத் தொடர்ந்து, தம் தமக்கையார் மூன்றாண்டு தம்மோடு பேசவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். ஓட்டம் தடைப்படுகின்றது என்று கருதி அதனை நீக்கி, அவ்விடத்தில் அலையோசையும் சிறிது வயலினும் சேர்த்தோம். வெளியிடுமுன் அவர்க்கு ஒலித்துக் காட்டவில்லை. ஒப்புதற் கையெழுத்துப் பெற்றிருந்தோம். அதுவே போதும் என்று எண்ணினோம்.

வெளியான நான்காம் நாள் அவர் எம்மைத் தேடி வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "தம்பி, நான் சொன்னது எல்லாம் இருக்குது. எங்க அக்காவ எங்க வுட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். குப்பத்தில் சிலர் அதனைக் கேட்டுவிட்டு, பெருமை பேசுகிறான் என்று நகைத்தனராம். அவர் படித்தது தமக்கையார் மீன் கூடை சுமந்து பெரிய மார்க்கெட்டில் விற்ற காசில் என்பதை அப்போதுதான் அறிந்தோம். முதல் உரையாடலில் அதனை அவர் சொல்லவில்லை, யாமும் கேட்கவில்லை. உத்தியோகத்தை விட்டதனால் உமக்கு என்ன இழப்பு என்று கேட்டோமேயன்றி, வேறு எவர்க்கு இழப்பு என்று கேட்கவில்லை.

அன்றே அப்பகுதியை நீக்கினோம். சிலர் முன்பே இறக்கிக்கொண்டிருப்பர். அதற்கு யாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதன்பின் எம் முறையைச் சிறிது மாற்றினோம். வெட்டியபின் முழுவதையும் பேசியவர்க்கு ஒலித்துக் காட்டுகின்றோம். வேண்டாம் என்று அவர் கூறும் பகுதியை, அது எத்துணை நயமுடையதாயினும், எடுத்துவிடுகின்றோம். வேறு வழி நடந்தவரின் வீட்டில் இன்னொருவரோடும் பேசுகின்றோம். மனைவியோ, தமையனோ, பிள்ளையோ, எவர் இசைகின்றாரோ அவரோடு. சிலர் மறுக்கின்றனர். மறுத்தார் என்பதையும் வெளியிற் சொல்வதில்லை.

இரண்டு திங்கள் சென்றபின் அவர் தாமே எம்மை அழைத்தார். தமக்கையார் பேச இசைந்துள்ளார், ஆனால் பிற்பகலில் வரவேண்டும், காலையில் அவர்க்கு மார்க்கெட் உண்டு என்றார். சென்றோம். அம்மூதாட்டியார் மைக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார், இதற்கு என்ன விலை என்று கேட்டார், சொன்னோம், ஏமாந்துவிட்டீர்கள் என்றார். தம்பியார் வாயிற்படியில் அமர்ந்து வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். யாம் ஏன் என்று கேட்கவில்லை. அவன் உத்தியோகத்தை விட்ட அன்று தாங்கள் எங்கே இருந்தீர்கள், பாட்டி, என்று கேட்டோம்.

"மார்க்கெட்டுலதான். அவன் வேலையில இருக்கான், புள்ளைங்களும் பெருசாயிடுச்சி, அந்த மாசத்தோட கூடைய எறக்கி வச்சிடலாம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

பின்னர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் பேசவில்லை. வலைக்கயிற்றின் ஓசையும் நின்றிருந்தது. அந்நிமிடத்தை அப்படியே வைத்துள்ளோம். இருவரும் கேட்டுச் சரி என்றபின், ஒரே பகுதியாக அது வெளிவந்தது.